9ஆம் வகுப்பில் கைவிடலாகாது

பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் சேர்க்கும் நாளில் வீடே மகிழ்ச்சியில் திளைக்கிறது. அதே பிள்ளை 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் வீடே கவலையில் ஆழ்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எவருடைய கவனத்தையும் பெறாமல் கழிந்துவிடும் ஓர் ஆண்டு உண்டு. அதுவே 9ஆம் வகுப்பு. தொடக்கக் கல்வி முடிந்து உயர்நிலைக் கல்வி தொடங்கும் முதலாண்டு அது. பள்ளியை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளுள் பலர் இவ்வாண்டிலும் இதனை அடுத்த ஆண்டிலுமே நிற்கின்றனர். நெசவாளர் இல்லங்களிலும் உழவர் இல்லங்களிலும் இதனை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஆதலின் இவ்வோராண்டில் பெற்றோர் செய்ய வேண்டுவன யாவை, கூட்டுறவுச் சங்கங்கள் செய்யக்கூடியன யாவை என்பன பற்றிச் சில கருத்துகளை அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

சட்டம் கையை விடும் வயது

9ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு வயது 14. இந்த 14 என்னும் எண்ணைப் பெற்றோர் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கிற்று. அவ்வுரிமை 8ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அச்சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கும் கட்டணச் சலுகை 8ஆம் வகுப்பு வரைதான். அப்பிள்ளை 9ஆம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போது கட்டணம் முழுவதும் பெற்றோர் தலையில் விழுகிறது. இதனை முன்னரே எண்ணிப் பாராத குடும்பங்கள் ஜூன் திங்களில் திகைத்து நிற்கின்றன.

தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. 5ஆம், 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு நடத்துவதென முன்னர் எடுக்கப்பட்ட முடிவும் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அது நல்லதே. ஆயினும் 9ஆம் வகுப்பில் தேர்ச்சி என்பது பெற வேண்டிய ஒன்றாகிவிடுகிறது. எட்டாண்டுகள் தானே நகர்ந்த வண்டி இப்போது இழுத்தால்தான் நகரும் என்பதைப் பிள்ளையும் உணர்வதில்லை, பெற்றோரும் உணர்வதில்லை.

வேறு உதவிகளையும் பாருங்கள். 2022இல் மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கு உரியது. 2021இல் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. விலையில்லாச் சீருடையும் 8ஆம் வகுப்பு வரைக்கே. அச்சீருடைத் துணியை நெய்து தருவோர் நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரே. ஆயினும் தம் பிள்ளை 9ஆம் வகுப்பை எட்டும்போது அத்துணியைக் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியவர்களும் அவர்களே. மிதிவண்டி 11ஆம் வகுப்பில் கிடைக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்படி திங்கள்தோறும் வழங்கப்பெறும் 1,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்தபின் கிடைப்பது. 9, 10ஆம் வகுப்புகளில் பாடநூலும் மதிய உணவும் பேருந்துச் சலுகையும் உண்டு என்பது உண்மை. எனினும் முன்னும் பின்னும் உள்ள வகுப்புகளோடு ஒப்பிட்டால், பிள்ளையைத் தாங்கும் கைகள் குறைந்த இடம் இதுவே.

அன்றியும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எவ்வகைத் தொழிலிலும் அமர்த்தலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் உதவுவதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. 14 முதல் 18 வயது வரையுள்ளோருக்கோ அபாயகரமான தொழில்களில் மட்டுமே தடை. எனவே, கல்வியுரிமை முடியும் அதே வயதில் வேலைக்கான வாயிலும் திறந்துவிடுகிறது. பள்ளிக் கதவு பாதி மூடித் தறிக்கதவு முழுதும் திறக்கும் இந்த வேளையில் பிள்ளையின் கையைப் பற்றி நிற்க வேண்டியவர் யார்? பெற்றோரும் சங்கமுமே அல்லவா?

பள்ளியில் நேரும் மாறுதல்கள்

கீழ் வகுப்புகளில் பாடங்கள் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஒரு பருவத்துப் பாடம் அப்பருவத்தேர்வோடு முடிந்துவிடும். 9ஆம் வகுப்பிலோ காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்னும் மூன்று தேர்வுகள். ஜூனில் படித்ததை ஏப்ரலிலும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். இது பிள்ளைக்குப் பெருஞ்சுமை. முதற்காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிவது பெரும்பாலும் இதனால்தான். பிள்ளை மந்தமாகிவிட்டான் என்பதனால் அன்று.

ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளி 8ஆம் வகுப்போடு நின்றுவிடும் இடங்களில், பிள்ளை பேருந்தேறி அயலூர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அங்கே ஆசிரியர் புதியவர். உடன் பயில்வோர் புதியவர். பழைய பள்ளியில் தலைமையாசிரியர் பிள்ளையின் தந்தை பெயரையும் பாட்டனார் பெயரையும் அறிந்திருப்பார். புதிய பள்ளியில் பிள்ளை இரண்டு நாள் வாராவிடினும் தேடுவார் இலர் என்னும் நிலை நேரலாம்.

இந்த ஆண்டில் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்குப் பிள்ளையை மாற்றும் பழக்கம் சில ஊர்களில் காணப்படுகிறது. புதிய பாடச்சுமையோடு புதிய மொழிச்சுமையையும் ஒருங்கே ஏற்றுதல் நன்றன்று. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டபின், பள்ளிக் கல்வி உட்படத் தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும் என்று ஆயிற்று. இதனையும் மாற்றத்திற்குமுன் எண்ணிப் பார்த்தல் தகும்.

எழுத்தறியாப் பெற்றோரும் செய்யத்தக்கவை

“நாங்கள் படித்தவர்கள் அல்லேம், பிள்ளைக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்று கேட்கும் அங்கத்தினர் பலர். பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர் வேலை. பெற்றோர் செய்ய வேண்டியது வேறு. அதற்குப் பட்டம் தேவையில்லை.

முதலாவது, நேரம். பிள்ளைக்கு நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம், அவனுக்கே உரியதாக விடப்படல் வேண்டும். “கொஞ்சம் தார் சுற்றிக் கொடு”, “மோட்டாரைப் போட்டுவிட்டு வா” என்று அந்நேரத்தில் அழைக்கலாகாது. நம் தொழிலின் நெருக்கடிக் காலங்களும் பள்ளித் தேர்வுக் காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு; அப்போதுதான் தீபாவளிச் சரக்குக்குத் தறிகள் இரவும் ஓடுகின்றன. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. அப்போது பொங்கலுக்கு வழங்கப்பெறும் வேட்டி சேலைகளை நெய்து முடிக்கும் அவசரம். சம்பா அறுவடை தை, மாசியில். ஈரோட்டுப் பக்கத்தில் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, உலர்த்தும் வேலையும் அவ்வமயமே. அதனைத் தொடர்ந்து முழு ஆண்டுத் தேர்வு வந்துவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியின் தேர்வு நாட்களைக் கேட்டறிந்து, நாட்காட்டியில் குறித்துத் தறியின் அருகில் மாட்டிவிடுங்கள். அவ்வாரங்களில் பிள்ளையின் கையை எதிர்பார்க்காமல் வேலையைத் திட்டமிடுங்கள். ஒரு பாவு இரண்டு நாள் தாமதமாக இறங்கினால் கூலியும் இரண்டு நாள் தள்ளிவரும்; அவ்வளவே. தவறிய தேர்வோ ஓர் ஆண்டைத் தின்றுவிடும்.

இரண்டாவது, பள்ளிக்குச் செல்லுதல். திங்களுக்கு ஒரு முறை தந்தையோ தாயோ வகுப்பாசிரியரைக் கண்டு இரண்டே கேள்விகள் கேட்டல் போதும்: “பிள்ளை எத்தனை நாள் வரவில்லை? எந்தப் பாடத்தில் பின்தங்குகிறான்?” பாவில் ஓரிழை அறுந்தால் அப்போதே பிணைத்துவிடுகிறோம். விட்டுவிட்டால் துணி முழுவதும் அக்குறை ஓடும். கணக்கில் ஜூலையில் அறுந்த இழையைக் காலாண்டுத் தேர்வுக்குமுன் பிணைப்பது எளிது. மார்ச்சில் பிணைப்பது அரிது. மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடுமுன், அதில் என்ன எழுதியிருக்கிறதென்று பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரும் இதனைச் செய்யலாம். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று கேளாமல் கைந்நாட்டு வைக்கலாகாது என்று சங்கத்தில் சொல்கிறோம். மதிப்பெண் அட்டைக்கும் அதே விதிதான்.

மூன்றாவது, நாம் அறிந்த கணக்கைப் பிள்ளையோடு பேசுதல். 9ஆம் வகுப்பில் மிகுதியாக அச்சுறுத்துவது கணிதமே. ஆயினும் நெசவாளரும் உழவரும் கணக்கறியாதவர் அல்லர். ஒரு பவுண்டு எடையுள்ள பருத்தி நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ, அதுவே அந்நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 33,600 கஜம். 80ஆம் நம்பர் நூலில் 67,200 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. அதே நீள நூலின் எடை குறைகிறது. பள்ளிக்கூடத்தில் நேர் மாறல், எதிர் மாறல் என்று கற்பிப்பது இதனையே. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வயலின் நீள அகலங்களை அளந்து எத்தனை சென்ட் என்று கணக்கிடச் சொல்லலாம். கோணல் வயலாயின், அதனை இரு முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்புக் காணும் முறை 2018இல் வெளிவந்த 9ஆம் வகுப்புக் கணிதப் பாடநூலிலேயே உள்ளது. தந்தை அளவு நாடாவைப் பிடிக்க, பிள்ளை கணக்குப் போட, இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர்க்கு மதிப்பு உண்டாகும். தன் தந்தையின் தொழிலில் அறிவு இருக்கிறதென்று கண்ட பிள்ளை கணக்கைக் கண்டு அஞ்சான்.

நான்காவது, சொல். பதினான்கு வயதுப் பிள்ளை குழந்தையும் அன்று, பெரியவனும் அல்லன். பிறர் முன்னிலையில் இகழப்படுவதை அவன் பொறுப்பதில்லை. “உனக்குப் படிப்பு வாராது, தறியில் உட்கார்” என்று சினத்தில் சொல்லும் ஒரு சொல்லை, நாம் மறந்தாலும் அவன் மறப்பதில்லை. அச்சொல்லில் மற்றொரு தீங்கும் உண்டு. தறியில் அமர்வது தண்டனை என்று நாமே நம் தொழிலை இழிவுபடுத்துகிறோம். குறை சொல்ல வேண்டுமானால் தனியே அழைத்து, எந்தப் பாடம், எந்தத் தேர்வு என்று குறிப்பாகச் சொல்லுதல் வேண்டும். இரவில் கைப்பேசி பிள்ளையின் படுக்கையில் இருத்தலாகாது என்பதும் வீட்டின் பொதுவிதியாதல் வேண்டும். அவ்விதி பெரியவர்களுக்கும் பொருந்துமாயின் சண்டையின்றி நிலைக்கும்.

ஐந்தாவது, உதவித்தொகைகளைத் தவறவிடாதிருத்தல். 8ஆம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தெரிவு பெற்றவர்க்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. ஆயின் ஆண்டுதோறும் தேர்ச்சி பெற்று, விண்ணப்பத்தைப் புதுப்பித்தால்தான் தொடரும். புதுப்பிக்காமல் இழப்போர் உண்டு. ஊரகப் பிள்ளைகளுக்கு 9ஆம் வகுப்பிலேயே ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை மே திங்களிலேயே ஆயத்தமாக வைத்துக்கொள்வது நலம். கடைசி நாளில் தாலுகா அலுவலக வாயிலில் நின்று பயனில்லை.

பெண்மக்கள்

பெண்பிள்ளை 9ஆம் வகுப்பை எட்டும்போது வீட்டில் வேறு பேச்சுகள் எழுகின்றன. பள்ளி தொலைவு, துணையில்லை, சமைக்க ஆளில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன சொல்லப்படும் காரணங்கள். இவற்றுள் தொலைவு ஒன்றே உண்மையான இடர். அதனையும் ஒரே தெருவிலுள்ள நான்கைந்து பெண்பிள்ளைகளை ஒன்றாக அனுப்பிப் போக்கலாம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்கென 2022இல் தொடங்கப்பெற்ற புதுமைப் பெண் திட்டம், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் விரிக்கப்பட்டது. 9ஆம் வகுப்பில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அத்திட்டமும் இல்லை. அதன் பின்னுள்ள கல்லூரியும் இல்லை. 18 வயதுக்குமுன் பெண்ணுக்கு மணம் முடித்தல் சட்டப்படி குற்றம் என்பது யாவரும் அறிந்ததே. எனவே 14 வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டில் வைப்பதால் எவருக்கு என்ன பயன்?

தொழில் அழிந்துபோகாதா?

“எல்லாரும் படிக்கப் போய்விட்டால் தறியில் உட்காருவது யார்? ஏர் பிடிப்பது யார்?” என்னும் கேள்வி நம் கூட்டங்களில் எழுகிறது. இது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. கைத்தொழில் இளம் வயதில் கைவந்தால்தான் படியும் என்பதில் உண்மையும் உண்டு. ஆனால் விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகிக் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அன்று சட்டமாக வேண்டாம் என்று மறுத்த ஒன்றை, இன்று வறுமையின் பெயரால் நம் வீட்டில் நாமே நடைமுறைப்படுத்தலாமா?

தொழிலைக் கற்பது குற்றம் அன்று. கோடை விடுமுறையில் பாவு பிணைக்கக் கற்கட்டும். ஞாயிற்றுக்கிழமையில் வயலுக்கு வரட்டும். ஆயின் தொழிலிலேயே உயர வேண்டுமானாலும் 10ஆம் வகுப்பைத் தாண்டியாதல் வேண்டும். 1960இல் சேலத்தில் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டயப் படிப்பில் சேர்வதற்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பலதொழிற் பயிலகங்களுக்கும் அவ்வாறே. 9ஆம் வகுப்பில் நின்றவன் தறிக்கு வருவான். ஆனால் வேறு வழியின்றி வருவான். 10ஐயும் 12ஐயும் முடித்தவன் தறிக்கு வந்தால், விரும்பி வருவான். வடிவமைப்பும் விற்பனையும் கணக்கும் அறிந்து வருவான். நம் சங்கங்களுக்கு வேண்டியவன் அவனே.

சங்கங்களின் கடமை

ஒருவர் எல்லாருக்காகவும், எல்லாரும் ஒருவருக்காகவும் என்பது நம் இயக்கத்தின் கொள்கை. அக்கொள்கை கடனுக்கும் நூலுக்கும் உரத்துக்கும் மட்டும் உரியதாகிவிடலாகாது. முன்னர் நடைபெற்ற மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டத்தில், நெசவாளரின் பிள்ளைகள் இருவருக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை காலாண்டுக்கு 300 ரூபாய் கல்வி உதவி வழங்கப்பட்டது. உதவி தேவைப்படும் இடம் 9ஆம் வகுப்பில் தொடங்குகிறதென்பதை அத்திட்டத்தை வகுத்தோர் அறிந்திருந்தனர். நிர்வாகக் குழுவினரும் அதனை அறிதல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை நான்கு. ஒன்று, 9ஆம் வகுப்பில் சேர்ந்துள்ள அங்கத்தினர் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஜூலைக்குள் எடுத்து, காலாண்டுத் தேர்வுக்குப்பின் எவரேனும் பள்ளிக்குச் செல்லவில்லையா என்று நிர்வாகக் குழு கேட்டறிதல். கடன் தவணை தவறியவரைத் தேடிச் செல்கிறோமே. பள்ளி தவறிய பிள்ளையையும் தேடிச் செல்லலாம். இரண்டு, மாலையில் பூட்டிக் கிடக்கும் சங்கக் கட்டடத்தில் ஒரு விளக்கும் சில பாய்களும் இட்டுப் படிப்பகமாக்குதல். தறியோசை நிறைந்த ஓரறை வீட்டில் படிக்க இயலாத பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. கல்லூரியில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகள் இருவர் மேற்பார்த்தால் செலவும் இல்லை. மூன்று, ஜூனில் முதிர்வடையுமாறு தொடர் வைப்புக் கணக்குகளைப் பெற்றோரிடம் ஊக்குவித்தல். அவ்வாறாயின் பள்ளித் திறப்பு நாளில் தாலியை அடகு வைக்க நேராது. நான்கு, துணைவிதி இடங்கொடுக்கும் அளவில் பொதுநல நிதியிலிருந்து 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீருடையோ குறிப்பேடோ வழங்குதல். முதல் மதிப்பெண் பெற்ற ஒருவருக்குப் பேரவைக் கூட்டத்தில் பரிசு வழங்கிக் கைதட்டுவதினும், பின்தங்கிய பத்துப் பேரைப் பள்ளியில் நிலைநிறுத்துவது சிறந்த செலவு என்பது என் துணிபு.

இவற்றுள் எதற்கும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. தந்தை திங்களுக்கு ஒரு நாள் அரை நாட்கூலியை விட்டுப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். தாய் மாலை இரண்டு மணி நேரத்தைக் காத்துக் கொடுக்க வேண்டும். சங்கம் ஓர் அறையைத் திறந்துவிட வேண்டும். இந்த ஓராண்டைக் கடந்துவிட்ட பிள்ளை 10ஆம் வகுப்பைத் தானே எதிர்கொள்ளும் வலிமை பெறும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், கடன் மனுக்களுக்கு அடுத்த பொருளாக, ‘9ஆம் வகுப்பில் பயிலும் அங்கத்தினர் பிள்ளைகள்’ என்று ஒரு வரி இடம்பெறட்டும்.